முதல் சுற்றுப் பையனின் கட்டைவிரல்

டேவியன் ப்ரூயிட் மேல் எனக்குப் பொறாமை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேச எனக்குப் பொறுமை கிடையாது. அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அவன் பெயரைக் கேட்பதற்குக்கூட முன்னால் வந்த பொறாமை அது. அந்த ஏப்ரலில் டொலிடோ ஊர் முழுக்க ஒரே பேச்சுதான். நம் அமெரிக்கக் கால்பந்து அணி, புது ஆட்களைப் பொறுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றிலேயே ஒரு குவார்ட்டர்பேக்கை எடுக்க வேண்டுமா, வேண்டாமா? அந்த அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவன், நான். நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், ஊரே கூடி எனக்கு மாற்று தேடுகிறது.

அதற்கு முந்தைய வருஷம் பதினேழு ஆட்டத்தில் நான்கே நான்கு ஜெயித்தோம். மோசமாக ஆடின அணிக்குத்தான் டிராஃப்டில் முந்திய இடம் கிடைக்கும். கல்லூரியிலிருந்து வரும் பையன்களை எங்களுக்கு முன்னால் நான்கு அணிகள் பொறுக்கிக்கொள்ளும், ஐந்தாவதாக நாங்கள். வானொலியில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்கள் கூப்பிட்டுக் கத்தினார்கள். ஒருத்தன் சொன்னான்: "லைல் டிராகோவிச் நல்ல மனுஷன்தாங்க, நான் இல்லேங்கல. நல்ல மனுஷனை வெச்சுக்கிட்டு என்ன பண்றது, ஊறுகாயா போடறது?" காரை ஓரமாக நிறுத்திவிட்டு அதை முழுக்கக் கேட்டேன்.

என் கட்சி என்னவென்றால், முதலில் வரிசையைக் கட்டு. எங்கள் ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் பந்து குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும், அவன் அதை வீசுவான், இல்லையென்றால் ஓட்டக்காரனிடம் கொடுப்பான். அவனைக் காக்க முன்னால் ஐந்து தடியன்கள் நிற்பார்கள். எங்கள் ஐந்தில் ஒட்டோ கிரெஸ் ஒருத்தன்தான் ஆள், மற்றவர்கள் திறந்து வைத்த கதவு. முந்தைய வருஷம் ஐம்பத்தெட்டு முறை என்னைத் தரையில் சாய்த்தார்கள். இருபத்திரண்டு வயதுப் பையனை அந்த வரிசைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினால் அவன் என்ன ஆவான்? முதலில் ஒரு நல்ல தடுப்பாளனை எடு, அடுத்த வருஷம் இன்னொருவனை எடு, அப்புறம் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். இதைப் பத்திரிகைக்காரர்களிடமும் சொன்னேன், முடிவெட்டும் இடத்திலும் சொன்னேன். சொன்னது எல்லாம் சரியான வாதம். சரியில்லாத வாதமாக இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

என்னை ஆறாவது சுற்றில் எடுத்தார்கள். நூற்று எண்பத்தேழாவது ஆள். என் பெயரை வாசித்தபோது மண்டபம் பாதி காலி, தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்படி வந்தவன் பதினொரு வருஷம் நின்றிருக்கிறேன். முதல் சுற்றில் வந்தவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

டிராஃப்ட் அன்று எங்கள் கார் கொட்டகையில் ஏரி மீனைப் பொரித்துக்கொண்டிருந்தேன். ஒட்டோ வந்திருந்தான், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒருவனுடைய இடத்துக்கு ஆள் எடுப்பதானால், பெயரை வாசிப்பதற்கு முன்னால் அவனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். எங்கள் மேலாளர் ஓர்லன் கிம்பல் கூப்பிடவில்லை. அதனால் நானும் தைரியமாக மீனைத் திருப்பிக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சியில் பெயரை வாசித்தார்கள். டேவியன் ப்ரூயிட், குவார்ட்டர்பேக், மிசிசிப்பி.

"மச்சான், தடுப்பாளன்தான் எடுக்கறோம்னு கிம்பல் என்கிட்டயே சொன்னான்டா" என்றான் ஒட்டோ. வாயில் மீன் அப்படியே இருந்தது.

"அவன் அவங்க அம்மாகிட்டகூட உண்மை பேசமாட்டான்" என்றேன்.

என் மனைவி டெனிஸ் அடுப்பை அணைத்தாள். மீன் கருகிவிட்டிருந்தது. "நீ அந்தப் பையனுக்கு ஒரு வார்த்தை சொல்லணும், லைல். எல்லாரும் செய்யறதுதானே? செய்யலேன்னா நாளைக்குப் பேப்பர்ல அதுதான் வரும்."

"சொல்றேன்."

"எப்ப?"

"வாயில மண்ணு விழுந்தவன் கொஞ்சம் துப்பிட்டுப் பேசக்கூடாதா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் போன பிறகு செய்தி அனுப்பினேன். "வாழ்த்துகள். வேலை செய்யத் தயாராக வா." அரை நிமிஷத்தில் பதில் வந்தது: "சார், நான் உங்க ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன். நீங்க இருக்கற அணிக்கு வர்றது என் அதிர்ஷ்டம்." வளர்ந்தவனாம்! எனக்கு முப்பத்து நான்கு வயது. டெனிஸ் படித்துப் பார்த்துவிட்டு, "நல்ல பையனா தெரியறான்" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

நல்ல பையன்தான். அதுதானே தொல்லை. திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் என் வேலை எளிதாக முடிந்திருக்கும். மே மாதம் வந்தான், எல்லோருக்கும் முன்னால் வருவான், எல்லோருக்கும் பின்னால் போவான். "சார், சார்" என்று என் பின்னாலேயே சுற்றுவான். "சாரும் கீரும் வேணாம்டா, லைல்னு கூப்பிடு" என்றேன். வெறும் பெயரைச் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை. மிசிசிப்பிக்காரன், அமெரிக்கத் தெற்கத்தி வளர்ப்பு. "லைல் அண்ணே" என்று ஆக்கிக்கொண்டான்.

அவன் வீசுவதைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஐம்பது கெஜம் தள்ளி ஓடுகிறவன் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து அவன் மார்பில் இருக்கும். பிடிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே கையை உதறுவார்கள். நான் வீசினால் யாரும் கையை உதறியதில்லை. என் பந்து எங்கே போக வேண்டும் என்று எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும், ஆனால் போய்ச் சேர அதற்கு நேரமாகும். இவனுக்கு எங்கே என்று தெரியாது, தெரிந்தபின் போய்ச் சேர நேரமே ஆகாது.

கிம்பல் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். "இந்த வருஷம் உனக்கு ரெண்டு வேலை, லைல். நீ ஆடு. அவனுக்குச் சொல்லிக்கொடு. ஒரு வருஷம் உன் பின்னாடி நின்னு பழகட்டும். சீக்கிரமா எடுத்து, பொறுமையா பழுக்க வைக்கணும். அதுதான் என் திட்டம். என் வேலையே இதுமேலதான் நிக்குது."

"என் குழியை என்னையே வெட்டச் சொல்றீங்க."

"உனக்குச் சம்பளம் குடுக்கறது எதுக்குன்னு நினைச்சே?" என்று சிரித்தான்.

சொல்லிக்கொடுத்தேன். இதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது, அதற்காகவே சொல்லிக்கொடுத்தேன். எதிரணி எப்படி நிற்கும், நின்றபின் எப்படி நகரும், காற்று ஏரிப் பக்கமிருந்து வந்தால் எந்த வீச்சை மறந்துவிட வேண்டும், எல்லாம். பத்திரிகையில் என் படம் போட்டு, இவ்வளவு பெருந்தன்மையான மூத்த ஆட்டக்காரனைப் பார்த்ததில்லை என்று எழுதினார்கள். டேவியனின் அம்மா மெரிடியன் ஊரிலிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட இனிப்புப் பலகாரம் ஒன்றைப் பெட்டியில் போட்டு அனுப்பினார். "என் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறீர்கள், கடவுள் உங்களை நன்றாக வைக்கட்டும்" என்று ஒரு சீட்டு. இரண்டு துண்டு தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்டில் அதைப் பார்த்தேன்.

காலைப் பயிற்சி. அவன் ஆடுகிறான், நான் ஓரக்கோட்டில் நிற்கிறேன். பந்து கைக்கு வருவதற்கு முன் எல்லா குவார்ட்டர்பேக்கும் விரல் நுனியை நக்கிக்கொள்வோம், பிடி வழுக்காமல் இருக்க. அவனும் நக்கினான். இரண்டு விரல். பந்தை வாங்கி ஓட்டக்காரனிடம் கொடுத்தான். அடுத்த முறை இரண்டு விரலை நக்கினான், கட்டைவிரலையும் நக்கினான், பந்தை வீசினான். அதற்கடுத்த முறை இரண்டு விரல், பந்து ஓட்டக்காரனிடம் போனது. எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. அன்று காலை முழுக்க எண்ணினேன். நாற்பத்தொரு முறை. வீசப்போகிறான் என்றால் கட்டைவிரல், இல்லையென்றால் இல்லை. ஒரு முறைகூடத் தவறவில்லை. அவனுக்கே தெரியாது.

எதிரே நிற்கிறவனுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. வீச்சா, ஓட்டமா என்று பந்து நகர்வதற்கு முன்பே தெரிந்துவிட்டால் எந்த அணியும் எங்களைத் தின்றுவிடும். பயிற்சியாளர்கள் பார்ப்பது உயரத்திலிருந்து எடுத்த படம், அதில் ஆட்கள் எறும்பளவு, விரலாவது ஒன்றாவது. ஓரக்கோட்டில் சின்னக் கேமராவில் எடுத்த படத்தில் மட்டும் தெரியும். அதை வேறு யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். ஒரு பிரதி எடுத்தும் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் என் எதிரே தட்டை வைத்து உட்கார்ந்தான். "இன்னிக்கு எப்படிண்ணே?" என்றான். சொல்லியிருக்கலாம். "கட்டைவிரலைக் கவனிடா" என்று இரண்டே வார்த்தை. நான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஒட்டோ கடந்து போகும்போது அவன் தோளைத் தட்டி, "என்னா வீச்சுடா தம்பி! பதினோரு வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றான். என் நண்பன் ஒட்டோ. பதினொரு வருஷமும் அவன் காத்து நின்றது என் முன்னால்தான்.

"பரவால்ல, நல்லாத்தான் ஆடறே" என்றேன் பையனிடம்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை வந்தது, அடுத்த வாரம் வந்தது. ஒரு விஷயத்தைப் பத்து நாள் சொல்லாமல் வைத்திருந்தால் பதினோராவது நாள், "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வியும் கூடச் சேர்ந்து வந்துவிடுகிறது. பொய் சொல்ல மாட்டேன், அது ஒரு சாக்கு. சொல்லாமல் இருந்ததில் எனக்கு ஒரு ருசி இருந்தது.

செப்டம்பரில் முதல் நான்கு ஆட்டத்தையும் நான் தோற்றேன். ஐந்தாவதில் எங்கள் மைதானத்திலேயே அறுபதாயிரம் பேர் "டேவியன்! டேவியன்!" என்று கத்தினார்கள். பழுக்க வைக்கிற திட்டமெல்லாம் காற்றில் போனது. "பையனை இறக்கு" என்று கிம்பல் உத்தரவு போட்டான். எங்கள் கோச் மெக்கார்டிலுக்கு அதில் இஷ்டமில்லை, ஆனாலும் இறக்கினார். முதல் ஆட்டத்தில் பையன் பிய்த்து எறிந்தான். மூன்று டச்டவுன், மூன்று முறை பந்து எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டியது. ஊர் ஆடியது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டேன். "காய்ச்சலா?" என்றாள் டெனிஸ்.

இரண்டாவது ஆட்டத்தில் எவனோ கண்டுபிடித்துவிட்டான். எங்கள் முகாமிலிருந்து கழித்துவிட்டவன் எவனாவது போய்ச் சொன்னானோ, எதிரே நின்ற எவனுக்காவது கண் கூர்மையோ, தெரியாது. இந்தத் தொழிலில் ஒருவனுக்குத் தெரிந்தால் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் தெரியும், ஆட்டக்காரனின் சொந்த அணியைத் தவிர. அவன் வீசப்போகும்போதெல்லாம் நான்கு பேர் முன்கூட்டியே கிளம்பிவிட்டார்கள். ஏழு முறை சாய்த்தார்கள். நான்கு முறை பந்தைப் பறித்தார்கள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் அதைவிட மோசம். நான் ஓரக்கோட்டில், ஆடாமல் நிற்கிறவர்கள் போடும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கையில் அட்டையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் கட்டைவிரல் வாய்க்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "இப்ப அடிபடுவான்" என்று எனக்குத் தெரியும். அடிபடுவான்.

வானொலிக்காரர்கள் கட்சி மாறினார்கள். "முதல் சுத்துல குவார்ட்டர்பேக் எடுக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா?" என்று சொன்னவனும் சொல்லாதவனும் கூப்பிட்டான். ஒருத்தர், "லைல் சொன்னாரு, வரிசையைக் கட்டுங்கன்னு. கேட்டாங்களா?" என்றார். காரை நிறுத்தி அதையும் முழுக்கக் கேட்டேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் என்னைத் தேடி எங்கள் வீட்டுக்கே வந்தான். முகத்தில் தையல், இடது கையைத் தூக்க முடியவில்லை. டெனிஸ் கோழி சூப் ஊற்றிக் கொடுத்தாள். அதை அவன் தொடவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். நான் என்ன பண்ணப்போறேன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியுதுண்ணே. சத்தியமா தெரியுது. நான் ஏதோ காட்டிக்குடுக்கறேன். என்னன்னு எனக்குத் தெரியல. கோச்சைக் கேட்டேன், படத்துல ஒண்ணும் இல்லேங்கறாரு. நீங்க எல்லாத்தையும் பார்ப்பீங்க. உங்க கண்ணுக்கு ஏதாவது பட்டுச்சா?"

டெனிஸ் கரண்டியோடு நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது, சும்மாதான் பார்த்தாள்.

"உன் கண்ணுதான்டா" என்றேன். "வீசப்போற பக்கம் முன்னாடியே பார்த்துடறே. கண்ணைக் கட்டுப்படுத்து."

"கண்ணா?"

"கண்ணுதான்."

அவன் முகம் தெளிந்துவிட்டது. எழுந்து என்னைக் கட்டிக்கொண்டான், அடிபட்ட கையோடு. "ரொம்ப தேங்க்ஸ்ணே. எங்கம்மா சொன்னாங்க, லைலைக் கேளு, அவரு சொல்லுவாருன்னு." அந்த வாரம் முழுக்கப் பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, காலி மைதானத்தில் ஒரு பக்கம் பார்த்து மறுபக்கம் வீசிப் பழகினான். கண் நன்றாகத் தேறியது. ஞாயிற்றுக்கிழமை எட்டு முறை சாய்த்தார்கள்.

அதோடு அவனை உட்காரவைத்தார்கள், நான் எழுந்தேன். மீதி இருந்த எட்டு ஆட்டத்தில் ஆறு ஜெயித்தேன். டிசம்பரில் கிம்பலை வேலையை விட்டு அனுப்பினார்கள். போகும்போது எனக்குக் கை கொடுத்து, "நீ உன் பங்கைச் செஞ்சே, லைல். பையன்கிட்டதான் சரக்கு இல்ல" என்றான். எனக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் கிடைத்தது. டேவியனை போர்ட்லாண்ட் அணிக்குக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக நான்காவது சுற்றில் ஓர் இடம் வாங்கினார்கள். ஐந்தாவதாக எடுத்த பையன்! அந்த நான்காவது சுற்று இடத்தில் நாங்கள் எடுத்த ஆளின் பெயர்கூட இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. சீக்கிரம் குவார்ட்டர்பேக் எடுப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று யாராவது சொல்ல வேண்டுமானால் நாட்டில் எல்லோரும் எங்கள் பெயரைச் சொன்னார்கள்.

நான் சந்தோஷமாக இருந்தேனா? இருந்தேன். கொஞ்ச நாள்.

இரண்டு வருஷம் கழித்து, என் ஒப்பந்தத்தின் கடைசி டிசம்பரில், போர்ட்லாண்டுக்கு ஆடப் போனோம். ஜெயித்தால் அடுத்த கட்டத்துக்குப் போவோம், எனக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைக்கும். தோற்றால் வீடு. அவர்களின் குவார்ட்டர்பேக் டேவியன். அந்த வருஷம் பன்னிரண்டு ஆட்டம் ஜெயித்திருந்தான். நாடே அவனைக் கொண்டாடியது. தொலைக்காட்சியில் பதினாறு மில்லியன் பேருக்கு முன்னால் அவன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு என் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தேன். அவனுடைய புதுப் படங்களைப் போட்டுப் பார்த்தேன். கட்டைவிரல் இன்னும் வாய்க்குப் போனது! வீச்சென்றால் போனது, ஓட்டமென்றால் போகவில்லை. பிறகு எப்படி ஜெயிக்கிறான் என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருக்க வேண்டும். பொறாமைக்காரனுக்கு யோசனை ஏது?

புதன்கிழமை கோச் மெக்கார்டிலின் அறைக்குப் போனேன். "கோச், ப்ரூயிட்கிட்ட ஒரு விஷயம் இருக்கு."

கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார். "ஒரு விரலை நம்பி என் தடுப்பு மொத்தத்தையும் மாத்தச் சொல்றியா? ஏதாவது ஆதாரம் இருக்கா?"

நான் வைத்திருந்த படத்தைப் போட்டுக் காட்டினேன். நாற்பத்தொரு முறை. மூலையில் தேதி தெரிந்தது, அவன் எங்களிடம் வந்த முதல் ஆகஸ்ட். கோச் தேதியையும் பார்த்தார், விரலையும் பார்த்தார். தேதி அவருக்குப் பெரிதாகப் படவில்லை. "அடப்பாவி, தங்கம்டா இது!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் கால்பகுதி நான் நினைத்தபடியே நடந்தது. கட்டைவிரல் போனால் எங்கள் ஆட்கள் பாய்ந்தார்கள், போகாவிட்டால் ஓட்டக்காரனை அமுக்கினார்கள். டேவியன் மூன்று முறை மண்ணைத் தின்றான். பத்துக்குச் சைபர் என்று முன்னால் இருந்தோம். கோச் என் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் டேவியன் ஓரக்கோட்டில் தொப்பி போட்ட ஒரு வயதான ஆளோடு தலையைச் சேர்த்து ஏதோ பேசினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். மண்ணைத் தின்றுவிட்டு என்ன சிரிப்பு என்று நினைத்தேன்.

அடுத்த முறை கட்டைவிரலை நக்கினான். எங்கள் ஆட்கள் அவன்மேல் பாய்ந்தார்கள். பந்து ஓட்டக்காரன் கையில் இருந்தது, அவன் எழுபது கெஜம் ஓடினான், பக்கத்தில் ஓர் ஆளில்லை. அதற்கடுத்து கட்டைவிரல் போகவில்லை. எல்லோரும் ஓட்டக்காரனை அமுக்க, டேவியன் ஊரில் உள்ள நேரமெல்லாம் எடுத்துக்கொண்டு வீசினான். எங்கள் ஆட்கள் சுதாரித்து விரலைப் பார்ப்பதை விடுவதற்குள் அவர்கள் முப்பத்தைந்து புள்ளி எடுத்துவிட்டார்கள். மீதி ஆட்டத்தில் நான் மூன்று முறை பந்தைத் தொலைத்தேன். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் மைதானத்தின் நடுவுக்குப் போய்க் கை கொடுப்பது வழக்கம். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்களை விலக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"லைல் அண்ணே!" கட்டிக்கொண்டான். "அண்ணி எப்படி இருக்காங்க? அண்ணே, உங்களுக்கு ஒண்ணு சொல்லியே ஆகணும். டொலிடோல நான் ஏதோ காட்டிக்குடுக்கறேன்னு சொன்னேன்ல? கட்டைவிரல்ணே! வீசறதுன்னா கட்டைவிரலையும் நக்கறேன். இங்க வந்த மொத நாளே சொல்லிட்டாரு, அதோ நிக்கறாரே ரஸ், எங்க மூணாவது குவார்ட்டர்பேக். மொத நாள், மொத மணி நேரம்! இப்ப யாராவது அதைப் பார்த்து ஆடறாங்கன்னு தெரிஞ்சா உடனே தலைகீழா மாத்திடுவோம். ரஸ்கூட கேட்டாரு, டொலிடோல ஒருத்தனுக்குமா கண்ணில்லைன்னு. நான் சண்டைக்கே போயிட்டேன். எங்க லைல் அண்ணன் கண்ணுல மட்டும் பட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாருன்னேன்."

"ஆமா" என்றேன்.

"உங்க பசங்களுக்கு இப்ப யாருண்ணே சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோச் மெக்கார்டில் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோற்றாலும் அவர் சிரிக்கிற ஆள். "ஏமாத்திட்டியேடா பயலே! இந்த லைல் பேச்சைக் கேட்டு நான் மோசம் போனேன். நீ எங்ககிட்ட வந்த மொத ஆகஸ்ட் படத்தைப் போட்டுக் காட்டறான்யா, நாப்பத்தொரு தடவை, எண்ணியே வெச்சிருக்கான்!" என்று சொல்லிவிட்டு அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

டேவியன் என் தோளிலிருந்து கையை எடுத்தான். கோபப்படுவான் என்று பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்.

"நான் உங்க வீட்டுக்கு வந்து கேட்டேனே" என்றான். "வாயைத் திறந்து கேட்டேனே."

"டேவியன்…"

அவன் திரும்பிப் போனான். நேராக ரஸ்ஸிடம், ஓரக்கோட்டில் அவனோடு சிரித்த அதே வயதான ஆளிடம், போய் ஏதோ சொன்னான். ரஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். திட்டுகிற பார்வை இல்லை, தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான், அவ்வளவுதான். பிறகு டேவியன் அந்த ஆளின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொள்ள, இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

முப்பத்தாறு வயதில் அந்த மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு, அதுவரை வந்ததிலேயே பெரிய பொறாமை எனக்கு வந்தது. டேவியன் மேல் இல்லை. ரஸ் மேல். பன்னிரண்டு வருஷத்தில் நான்கு ஆட்டம்கூட முழுசாக ஆடாதவன், தொப்பியோடு வந்து தொப்பியோடு போகிறவன். அவன் செய்தது ஒன்றே ஒன்று, பையனைக் கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொன்னான். அந்த வாக்கியம் முதலில் என்னிடம்தான் இருந்தது.